பிழையையும் எழுதும் ஏடு

நுழையும்முன்

தேர்வு முடிந்ததும் விடைத்தாள் மாணவரை விட்டுச் சென்றுவிடுகிறது. மதிப்பெண் மட்டுமே திரும்பி வருகிறது. எங்குத் தவறு நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்னும் வினாக்களுக்கு அந்த எண்ணில் விடை இல்லை. பிற துறைகளில் இக்குறையால் வாய்ப்பு ஒன்று கைநழுவலாம். மருத்துவத்தில் உயிர் ஒன்று கைநழுவலாம். எனவேதான் மாணவர் தம் கற்றலைத் தாமே பதிவுசெய்து, தாமே திரும்பிப் பார்க்கும் மின்னணுத் தொகுப்பேட்டை மருத்துவக் கல்வி நாடத் தொடங்கியது. அது கற்றலுக்குத் துணையா, மற்றுமொரு சுமையா என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

எண் காட்டாத திறன்

முதன்முறையாக நோயாளியின் கையிலிருந்து குருதி எடுக்க முனையும் மருத்துவ மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். முழங்கை மடிப்பில் ஓடும் சிரைகளின் பெயர்கள் அவளுக்கு மனப்பாடம். பட்டையை எங்குக் கட்டவேண்டும், ஊசியை எந்தச் சாய்வில் செலுத்தவேண்டும் என்பவற்றைத் தேர்வில் பிழையின்றி எழுதியவள் அவள். ஆயினும், முதல் குத்தில் சிரை நழுவுகிறது. இரண்டாம் குத்திலும் குருதி வரவில்லை. படுத்திருக்கும் முதியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அருகில் நின்ற செவிலியர் ஊசியை வாங்கி, நொடிப்பொழுதில் வேலையை முடிக்கிறார். மாணவி தலைகுனிந்தபடி அடுத்த படுக்கைக்கு நகர்கிறாள்.

அன்று அவள் கற்றது என்ன? நிகழ்ந்ததை அவள் மறந்துவிடலாம். அல்லது வெட்கமாக மனத்தில் சுமந்து திரியலாம். இரண்டுமே கற்றல் ஆகா. மாறாக, அன்றிரவே அவள் சில வரிகள் எழுதுவதாகக் கொள்ளலாம். முதியவரின் தோல் தளர்ந்திருந்தது. தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடிக்காததால் சிரை நழுவியது. வழக்கமாக எந்தக் கையில் எடுப்பார்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. இரண்டாம் முறை குத்துவதற்குமுன் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. இவ்வரிகளைப் படிக்கும் ஆசிரியர், மறுவாரம் அவளை அழைத்துச் சென்று அருகில் நின்று செய்ய வைக்கிறார். இப்போது அந்தத் தோல்வி பாடமாகிவிடுகிறது.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர், 1990ஆம் ஆண்டில் திறனை நான்கு படிகளாக வகுத்துக் காட்டினார். அறிந்திருத்தல் முதற்படி, எவ்வாறு செய்வது என அறிதல் இரண்டாம் படி, பிறர்முன் செய்துகாட்டுதல் மூன்றாம் படி, அன்றாடப் பணியில் உள்ளபடியே செய்தல் நான்காம் படி. எழுத்துத் தேர்வு முதலிரு படிகளை அளக்கும். செய்முறைத் தேர்வு மூன்றாம் படியைத் தொடும். நோயாளியின் உயிரோடு நேரடித் தொடர்புடைய நான்காம் படியோ, தேர்வுக்கூடத்திற்கு வெளியே, பல நாள்களில், பல படுக்கைகளின் அருகில் நிகழ்வது. அதை ஒருநாள் தேர்வில் பிடித்துவிட இயலாது. நாள்தோறும் எழுதப்படும் ஏடு ஒன்றே அதை ஓரளவேனும் பிடித்துக் காட்டும்.

நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயற்படுவதே மருத்துவம் கற்றவரின் கடன் என்பது திருக்குறளின் 95ஆவது அதிகாரமாகிய 'மருந்து' உணர்த்தும் கருத்துகளுள் ஒன்று. பாடநூலில் நோய் ஒன்றே. நோயுற்றவர் ஒவ்வொருவரும் வேறு. இந்த வேறுபாட்டை மாணவர் கற்கும் இடம் நோயாளியின் படுக்கையருகே.

தொகுப்பேடு என்பது யாது?

மேனிலைப் பள்ளியில் அறிவியல் பயில்வோர் செய்முறைப் பதிவேட்டை அறிவர். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்னும் தலைப்புகளில் அது எழுதப்படும். முடிவு முன்கூட்டியே தெரிந்திருப்பதால், மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. தொகுப்பேடு இதனின்று வேறுபட்டது. செய்த செயல்களின் பட்டியலோடு, அவற்றிற்கான சான்றுகளும், அவை குறித்த மாணவரின் சிந்தனையும் அதில் இடம்பெறும். பார்த்த நோயாளிகள் பற்றிய குறிப்புகள், செய்து பழகிய சிகிச்சைமுறைகள், மூத்த மருத்துவர் அருகிருந்து கண்டு எழுதிய மதிப்பீடுகள், உடன் பணிபுரிவோரின் கருத்துகள், இவற்றையெல்லாம் திரும்பிப் பார்த்து மாணவர் எழுதும் தற்சிந்தனைக் குறிப்புகள், அடுத்து கற்க எண்ணுபவை ஆகியவை ஒரே இடத்தில் சேர்கின்றன.

இதைத் தாளிலும் எழுதலாம். பல நாடுகளில் முதலில் தாளில்தான் எழுதினர். ஆனால், ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கும், ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கும் மாறிக்கொண்டே இருப்பவர் மருத்துவ மாணவர். தாள்கட்டு கனக்கும், தொலையும், அதைப் படிக்கவேண்டிய ஆசிரியரின் மேசையில் மாதக்கணக்கில் உறங்கும். மின்னணு வடிவமோ எங்கிருந்தும் எழுதவும் படிக்கவும் வழிசெய்கிறது. அறுவைத் துறையில் எழுதிய குறிப்பைக் குழந்தைகள் நலத்துறைக்கு மாறிய பின்னரும் எடுத்துப் பார்க்கலாம். முதலாண்டில் எழுதியதையும் நான்காம் ஆண்டில் எழுதியதையும் அருகருகே வைத்துத் தம் வளர்ச்சியைக் காணலாம். ஆயினும், கருவி விரைவைத் தருமேயன்றி நேர்மையைத் தராது. நேர்மை எழுதுவோரிடமிருந்தே வரவேண்டும்.

காட்மனின் அட்டைகள்

தம் பணியைத் தாமே பதிந்து ஆராயும் மருத்துவரின் வரலாறு கணினிக்கு முற்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த எர்னஸ்ட் அமோரி காட்மன் (1869–1940) என்னும் அறுவை மருத்துவர், தாம் சிகிச்சை அளித்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். நோயின் அறிகுறிகள், கணித்த நோய், செய்த சிகிச்சை, நேர்ந்த சிக்கல்கள் ஆகியவற்றை அதில் எழுதினார். நோயாளி வீடு திரும்பியதும் அட்டையை மூடிவிடவில்லை. ஓராண்டு கழித்து அவருடைய நிலை என்ன என்பதையும் கேட்டு எழுதினார். சிகிச்சை பயன் தரவில்லையெனில், அதற்குக் காரணம் யாது என்று வினவினார்.

மருத்துவர்களின் பணி இவ்வாறு அளந்து பார்க்கப்பட வேண்டும் என்னும் அவருடைய கருத்தை அவர் பணியாற்றிய புகழ்பெற்ற மருத்துவமனை ஏற்கவில்லை. 1914இல் அவர் அங்கிருந்து விலகினார். தாம் 1911இல் தொடங்கியிருந்த சிறு மருத்துவமனையில் இம்முறையைத் தொடர்ந்து பின்பற்றினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகளைத் தாமே கண்டறிந்து, அவற்றை வெளிப்படையாக அச்சிட்டும் வெளியிட்டார். உடன் பணியாற்றிய மருத்துவர் பலர் அவரை விட்டு விலகினர், வருவாய் குன்றியது. 1940இல் மறைந்த அவருடைய கல்லறையில் நீண்டகாலம் பெயர்க்கல்லும் இல்லை. 2014ஆம் ஆண்டில்தான் மருத்துவ அமைப்புகள் முன்வந்து அதை நிறுவின.

காட்மனின் வாழ்க்கை இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகிறது. பிழையை எழுதுதல் மருத்துவத்தை வளர்க்கும் என்பது ஒன்று. எழுதுவோரைச் சூழ்ந்திருப்போர் காக்கவில்லையெனில், எழுதுவோர் தனித்து விடப்படுவர் என்பது மற்றொன்று. இன்றைய மின்னணுத் தொகுப்பேட்டின் வெற்றியும் தோல்வியும் இந்த இரண்டாம் உண்மையையே சார்ந்துள்ளன.

உலகம் கண்ட வழிகள்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2004ஆம் ஆண்டில் முதல் மாணவர் குழுவைச் சேர்த்துக்கொண்ட லெர்னர் மருத்துவக் கல்லூரி, துணிந்து ஒரு வழியைத் தேர்ந்தது. அங்கு மதிப்பெண் இல்லை. தர வரிசையும் இல்லை. ஆசிரியரும் உடன் பயில்வோரும் எழுத்தில் தரும் கருத்துகளே மாணவருக்குக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தக்க சான்றுகளைத் தேர்ந்து, எந்தத் திறனில் வளர்ந்துள்ளார், எதில் பின்தங்கியுள்ளார் என்பதை மாணவரே கட்டுரையாக எழுதுகிறார். வழிகாட்டியாக அமைந்த மருத்துவர் அதைப் படித்து உரையாடுகிறார். தொகுப்பேட்டைக் குழு ஒன்று ஆராய்ந்த பின்னரே மாணவர் அடுத்த நிலைக்குச் செல்கிறார்.

இதில் கருதத்தக்கது வழிகாட்டியின் இடம். மாணவர் எழுதுகிறார், ஒருவர் படிக்கிறார், இருவரும் அமர்ந்து பேசுகின்றனர். இம்மூன்றும் சேர்ந்தால்தான் தொகுப்பேடு உயிர்பெறும். படிப்பார் இல்லாத ஏடு, முகவரி இல்லாத மடலைப் போன்றது.

ஐக்கிய இராச்சியத்தில் 2005ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஈராண்டு அடிப்படைப் பயிற்சித் திட்டத்தில், பட்டம் பெற்ற இளம் மருத்துவர் ஒவ்வொருவரும் தொகுப்பேட்டைப் பேணவேண்டும். நோயாளியிடம் அவர் உரையாடும் முறையையும், சிகிச்சை செய்யும் முறையையும் மூத்தவர் அருகிருந்து கண்டு சிறு மதிப்பீடுகளாக அதில் பதிகிறார். ஆண்டிறுதியில் நடைபெறும் மீளாய்வில் இவையே சான்றாகின்றன. கற்றலுக்கான குறிப்பும் தேர்ச்சிக்கான சான்றும் இங்கு ஒரே ஏட்டில் இணைந்தன. அந்த இணைப்பே பின்னர் ஒரு பெரும் சிக்கலுக்கு வித்தாயிற்று.

எழுதத் தயங்கிய கைகள்

2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கடும் நோய்த்தொற்றால் இறந்தான். அன்று பணியிலிருந்த இளம் மருத்துவர், கடும் கவனக்குறைவால் உயிரிழப்பை ஏற்படுத்தியவர் என 2015இல் நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்கப்பட்டார். அன்றைய நாளில் கணினி அமைப்பு பழுதுபட்டிருந்தது. மருத்துவர் பற்றாக்குறையால் பிறர் பணியையும் அவரே பார்க்கவேண்டியிருந்தது. 2018 சனவரியில் அவருடைய பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை விலக்கியது.

அவர் தம் தொகுப்பேட்டில் எழுதிய தற்சிந்தனைக் குறிப்புகளே அவருக்கு எதிரான சான்றாயின என்னும் பேச்சு மருத்துவர்களிடையே பரவியது. வழக்கு விசாரணையில் அக்குறிப்புகள் சான்றாக வைக்கப்படவில்லை எனப் பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது. ஆயினும் அச்சம் அடங்கவில்லை. இனி உண்மையை எழுதுவது தகுமா என்று இளம் மருத்துவர் பலர் தயங்கினர். 2018இல் அரசு அமைத்த மறுஆய்வுக் குழு, ஒழுங்குமுறை அமைப்புகள் மருத்துவரின் தற்சிந்தனைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தைக் கொண்டிருத்தல் கூடாது எனப் பரிந்துரைத்தது. ஆனால், நீதிமன்றம் கேட்டால் அளிக்கவேண்டிய நிலை மாறவில்லை.

இங்கு எளிய விடை இல்லை. மகனை இழந்த பெற்றோருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு. நடந்தவற்றை மறைக்கும் திரையாகத் தற்சிந்தனைக் குறிப்பு மாறிவிடலாகாது. நோயாளிக்கு நேர்ந்ததை உள்ளபடி எழுதவேண்டிய இடம் மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேடு. அது நோயாளியும், சட்டப்படி உரிமை உடையோரும் கேட்டுப் பார்த்தற்குரியது. அந்நிகழ்விலிருந்து தாம் கற்றதை எழுதும் இடம் தொகுப்பேடு. அது கற்போருக்கும் வழிகாட்டிக்கும் உரியது. முன்னது முழுமையாகவும் வெளிப்படையாகவும் இருக்கும்போதுதான், பின்னதற்குத் தனிமையைக் கேட்கும் உரிமை பிறக்கும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் இளநிலை மருத்துவப் பட்டப்படிப்பு நான்கரை ஆண்டு வகுப்பும் ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சியும் கொண்டது. 2019ஆம் ஆண்டு சேர்ந்த மாணவர் முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. செய்து பழகிய திறன்களைப் பதிவதற்கான குறிப்பேடும், மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றைக் கற்பிக்கும் தனிப்பகுதியும் அதில் இடம்பெற்றன. இந்திய மருத்துவக் குழுமத்திற்கு மாற்றாக 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் செயற்படத் தொடங்கியது.

இந்திய வகுப்பறையில்

புதிய பாடத்திட்டத்தின் வழியே தற்சிந்தனை எழுத்து இந்திய மருத்துவக் கல்லூரிகளுக்குள்ளும் வந்துவிட்டது. அதைத் தொகுப்பேடாக வளர்த்தெடுப்பது நன்றா என்னும் வினாவிற்கு மறுப்புக் கூறுவோர் உளர். அவர்களின் கருத்துகள் புறந்தள்ளத்தக்கன அல்ல.

மருத்துவ மாணவருக்கு நேரம் போதாது என்பது முதல் மறுப்பு. ஒரு வகுப்பில் 150 பேரும் 250 பேரும் பயிலும் கல்லூரிகளில் எவர் அனைவருடைய ஏட்டையும் படிப்பது என்பது இரண்டாம் மறுப்பு. கட்டாயம் என்றதும் மாணவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவர். இன்றோ, கேட்ட நொடியில் எதையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன என்பது மூன்றாம் மறுப்பு.

மூன்றும் உண்மையே. ஆனால், மூன்றும் தொகுப்பேட்டின் குறைகள் அல்ல. அதை நடைமுறைப்படுத்தும் முறையின் குறைகள். நாள்தோறும் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் எவரும் பார்த்துத்தான் எழுதுவர். வாரத்திற்கு ஒரு நிகழ்வு, அரைப்பக்கம், உள்ளதை உள்ளபடி என்று கேட்டால், நேரமும் போதும், நேர்மையும் பிழைக்கும். 250 பேரின் ஏட்டையும் ஓர் ஆசிரியர் படிப்பது இயலாது. ஆசிரியர் ஒவ்வொருவரும் சிலரைத் தம் பொறுப்பில் கொண்டு ஆண்டு முழுவதும் தொடர்வது இயலும். செயலி எழுதித் தரும் குறிப்பில் சொற்கள் அழகாக இருக்கலாம். ஆனால் வழிகாட்டி நேரில் அமர்ந்து, அந்த முதியவர் அப்போது என்ன சொன்னார் என்று கேட்கும்போது அது விடை தராது. ஆகவே, உரையாடலே தொகுப்பேட்டின் காவல்.

மருத்துவப் படிப்பில் சேர எழுதும் நீட் தேர்வு, நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து குறிக்கும் தேர்வு. அதற்காக ஈராண்டு பயின்ற மாணவர், ஒவ்வொரு வினாவிற்கும் சரியான விடை ஒன்று உண்டு என்னும் பழக்கத்தோடு கல்லூரிக்குள் நுழைகிறார். மருத்துவமனையிலோ விடை தெளிவாகாத பொழுதுகள் பல. 'எனக்குத் தெரியவில்லை' என்று அஞ்சாமல் எழுதும் ஏடு, அந்தப் பழைய பழக்கத்தை மெல்ல மாற்றும்.

செய்யவேண்டுவன

தொகுப்பேட்டைக் கொண்டுவரும் கல்லூரிகள் நான்கு செய்திகளைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, கற்றல் பகுதியையும் மதிப்பீட்டுப் பகுதியையும் பிரித்து வைத்தல். தற்சிந்தனைக் குறிப்புகள் மாணவரும் வழிகாட்டியும் மட்டுமே காணத்தக்கனவாக இருத்தல் வேண்டும். அவற்றுள் எவற்றை மதிப்பீட்டிற்கு அனுப்புவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கவேண்டும். மதிப்பெண் போடும் கண் எப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தால், கை பொய்யையே எழுதும்.

இரண்டாவது, நோயாளியின் மறைவுரிமையைக் காத்தல். பெயர், ஊர், படுக்கை எண், ஒளிப்படம் என அடையாளம் காட்டும் எதுவும் தொகுப்பேட்டில் இடம்பெறலாகாது. 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தகவல்களைக் கையாள்வோரின் பொறுப்பை உணர்த்துகிறது. சட்டம் இல்லாவிடினும், நம்பி உடலைக் காட்டியவரின் நம்பிக்கையைக் காப்பது மருத்துவ அறம்.

மூன்றாவது, வழிகாட்டும் ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் அளித்தல். ஒரு குறிப்பைப் படித்ததும் பிழையைச் சுட்டுவது எளிது. எழுதிய துணிவை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் வினா எழுப்புவது பயிற்சியால் வருவது. அதற்கு ஒதுக்கும் நேரமும் ஆசிரியரின் பணிநேரமாகவே கணக்கிடப்படவேண்டும்.

நான்காவது, தாய்மொழியில் எழுத இடமளித்தல். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் நோயாளி தம் வலியைத் தமிழில்தான் சொல்கிறார். 'நெஞ்சு படபடக்கிறது', 'வயிறு பிசைகிறது', 'கால் மரத்துப் போகிறது' என்னும் சொற்களில் நோயின் குறிப்பு உள்ளது. அவரோடு தமிழில் பேசிய மாணவர், அந்த உரையாடலைப் பற்றிய எண்ணங்களை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்றால், நடந்ததில் பாதி மொழிமாற்றத்திலேயே உதிர்ந்துவிடும். மருத்துவக் கலைச்சொற்கள் எம்மொழியிலும் இருக்கட்டும். மனம் திறக்கும் வரிகள் மனத்தின் மொழியில் இருக்கட்டும்.

நிறைவாக

மின்னணுத் தொகுப்பேடு நல்ல மருத்துவரை உருவாக்கிவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. காட்மனின் அட்டைகள் வெறும் தாள்களே. அவற்றில் தம் பிழையைத் தாமே எழுதிய நேர்மைதான் அவற்றிற்கு மதிப்பைத் தந்தது. கருவி மாறியிருக்கிறது, தேவைப்படும் துணிவு மாறவில்லை. அந்தத் துணிவை மாணவரிடம் எதிர்பார்க்கும் கல்லூரிக்கும் ஒரு கடமை உண்டு. பிழையை எழுதியவரைத் தண்டிக்காமல், பிழையிலிருந்து கற்காதவரைத் திருத்தும் சூழலை அது அமைக்கவேண்டும்.

முதியவரின் கையில் இருமுறை ஊசி குத்தித் தோற்ற அந்த மாணவி, சில ஆண்டுகளில் மருத்துவராவாள். அவள்முன் இளம் மாணவர் ஒருவர் நடுங்கும் கையோடு நிற்கக்கூடும். அன்று அவள் தன் பழைய ஏட்டைத் திறந்து, தன் முதல் குறிப்பை அவருக்குக் காட்டினால், தொகுப்பேட்டின் பயன் நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.

கற்பவை கற்றபின்…

1. இவ்வாரம் நிகழ்ந்த கற்றல் தவறு ஒன்றைத் தேர்ந்து, என்ன நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்னும் மூன்று தலைப்புகளில் அரைப்பக்க அளவில் தாய்மொழியில் எழுதுக.

2. 'தற்சிந்தனைக் குறிப்புகளுக்கு மதிப்பெண் வழங்கலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.